வேலியோரப் புல்

“சார், நாங்க வெயில்ல வெந்து சோளம் போடறோம். வரியும் கட்டறோம். இந்த எமில் என்னடான்னா எண்பது ஏக்கர்ல புல்லை வளரவிட்டு, அதை வேடிக்கை பார்க்கறதுக்கு அரசாங்கத்துக்கிட்ட காசு வாங்கறான். அந்த வேடிக்கையையாவது ஒழுங்கா பார்க்கறானா?”

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ராண்டல் கொதித்தார். புகார் கொடுத்தவர் அவர்தான்.

மண்ணுக்காகவும் பறவைகளுக்காகவும் நிலத்தைப் பயிரிடாமல் விட்டால், அமெரிக்காவில், எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் வருஷா வருஷம் பணம் வரும். சும்மா கிடக்க வேண்டிய நிலம் முறைப்படி சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். இதற்குச் சம்பளம் வாங்குகிற நான் எமிலைக் கேலி செய்ய முடியாது.

ஜூனில் பறவைகள் அடைகாக்கும். புல்லில் கத்தி படக்கூடாது. ஆனால் வேலியோரம் நெடுக, முப்பது அடி அகலத்துக்கு மொட்டை அடித்த மாதிரி வெட்டியிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் எமில், தொப்பியைக் கையில் பிடித்தபடி.

“வெட்டினது நீங்களா?”

“நான்தான்.”

“விதி தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“ஒப்பந்தம் ரத்தாயிடும். ஏழு வருஷம் வாங்கினதைத் திருப்பிக் கட்டணும். எழுபதாயிரம் டாலருக்கு மேல வரும்.”

எமில் தரையைப் பார்த்தார்.

“அவ்வளவுக்கு நான் எங்கே போவேன்? நிலத்தைத்தான் விக்கணும்.”

“விக்கறதா இருந்தா பக்கத்துல இருக்கறவனை மறந்துடாதப்பா,” என்றார் ராண்டல். “வெளியாள் கைக்குப் போயிடக் கூடாது பாரு.” குரலில் அப்படி ஒரு பாசம்.

“எமில், ஏதாவது நியாயமான காரணம் இருந்தா சொல்லுங்க. மேலே எழுதிப் பார்க்கறேன்.”

எமில் நிமிர்ந்து, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த ராண்டல் வீட்டைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. எழுதிக்குங்க சார்.”

“காரணம் என்ன பெரிய காரணம்? கை அரிச்சிருக்கும்!” ராண்டல் சிரித்தார். “சார், சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? எனக்கு அவன்மேல கோபமே இல்ல. பாவம், அந்தக் குருவிங்களை நினைச்சாதான் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது.”

படிவத்தை விரித்தேன். விதி தெளிவாக இருந்ததால் யோசிக்கிற சிரமம் எனக்கு இல்லை. ‘மீறல்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

ராண்டல் வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி டார்லா கையில் தட்டோடு வேகமாக வந்தார்.

“நீ ஏன் இங்கே வர்றே? உள்ளே போ,” என்றார் ராண்டல்.

“எமிலைப் பார்க்கத்தான் வர்றேன்,” என்ற டார்லா, வேலிக்கு மேலாகத் தட்டை நீட்டினார். “செர்ரி கேக், எமில். உங்களுக்குன்னே சுட்டது. மழையே காணோம், இந்தக் காஞ்ச புல்லுல தீப் பிடிச்சா எங்க வீடு போயிடும், வேலியோரம் மட்டும் வெட்டிடுப்பான்னு ஞாயித்துக்கிழமை இவர் வந்து கேட்டாரு. திங்கக்கிழமை காலையிலயே வெட்டிட்டீங்களே!”

எமில் தட்டை வாங்கிக்கொள்ளத் தயங்கினார்.

டார்லா கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, நீங்க அவருக்கு ஒரு நன்றியாவது சொன்னீங்களா, இல்லையா?”