பாதியில் நின்ற கை

மகளை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனதும், வராந்தாவிலிருந்த பிள்ளையாரைப் பார்த்து மரகதத்தின் கைகள் தாமாகவே எழுந்தன. பாதியில் சுதாரித்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கணவர் தணிகாசலம் பார்த்துவிட்டார். சோற்றைப் பிசைந்தபடியே கடவுள் இல்லையென்று வருஷக்கணக்கில் வாதாடி, அவளைச் சாமி விளக்கேற்றாமல் ஆக்கியவர் அவர்தான்.

"கும்பிட்டுக்கோ மரகதம்."

"யாரைங்க?" கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"நமக்கு மேல ஒரு சக்தி இருக்கும்ல?" முன்பு அவள் சொன்னதையே அவர் சொன்னார்.

"அந்தச் சக்தியை யாரு படைச்சா?"

அது அவருடைய கேள்வி. முதன்முதலில் கேட்டபோது அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் சிரித்த சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள். அன்று என்ன சொல்ல வந்தாளோ என்று நினைத்தபடி, மூடிய கதவின் முன் தணிகாசலம் நின்றார்.