சீசன் விருந்தாளி

"ஊட்டுக்கு எதுக்குடி இப்ப? வெயில் இருக்கறப்பவே கோட்டையைப் பார்த்துடலாம், வா!" என்று சாதியாவின் கையைப் பிடித்து இழுத்தாள் கீர்த்தனா.

சாதியாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் கழித்துத் தோழியை இந்த பிராக் நகரத்தில் பார்க்கிறாள். கட்டிப்பிடித்து அழுது முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே, "உங்க ஊடு எந்தப் பக்கம்டி?" என்பதுதான். அதற்கு வந்த பதில் இது.

ஊட்டி மார்க்கெட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் அவள் கணவன் சலாஹுதீனுக்கு, கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஐரோப்பா டூர். அதில் பிராக்கும் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து சாதியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தோழிகள் இருவரும் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கீர்த்தனா கல்யாணமாகி பிராக் போனாள். அவள் அப்பா அம்மாவும் வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். அதன்பிறகு மனசு விட்டுப் பேச ஊட்டியில் சாதியாவுக்கு ஒரு ஆள் இல்லை. கோட்டையும் கொத்தளமும் யாருக்கு வேண்டும்? தோழியின் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு டீயைக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேச வேண்டும். அவ்வளவுதான்.

"அவங்க சொல்றதும் சரிதானே சாதியா. வந்தது ஊர் பார்க்க. ஊட்டுக்குப் போய் அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?" என்றான் சலாஹுதீன்.

இந்தப் பேச்சுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது. ஏனென்றால் இது ஊட்டிக்காரர்களின் வித்தை.

மே மாதம் பிறந்தால் போதும், ஊட்டியில் வீடு இருப்பவர்களுக்கு எங்கிருந்தோ சொந்தங்கள் முளைக்கும். "சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று ஸ்வெட்டர்கூட இல்லாமல் வந்து, வீட்டிலிருக்கிற கம்பளியை எல்லாம் போர்த்திக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிடும். பட்டுத் தெளிந்தவர்கள் விருந்தாளியை வாசல் மிதிக்க விடுவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கே போய்ச் சிரித்த முகமாக வரவேற்பார்கள். கார்டன், போட் ஹவுஸ் என்று சுற்றிக் காட்டி, நல்ல ஓட்டலில் சாப்பாடு போட்டு, கையில் ஒரு வர்க்கி பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்து அப்படியே மலை இறக்கிவிடுவார்கள். சலாஹுதீன் இதில் கைதேர்ந்தவன்.

அந்த வித்தையைக் கீர்த்தனா என்னிடமே காட்டுகிறாளா?

கோட்டையைச் சுற்றினார்கள். பழைய கல் பாலத்துக்கு வந்தார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் சிலைகள். கீர்த்தனா ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தாள். உள்ளூர்க்காரிக்கு இதில் பார்க்க என்ன இருக்கிறது? நேரத்தைக் கடத்துகிறாள் என்றுதான் சாதியாவுக்குப் பட்டது.

"சாயங்காலமாவது உங்க ஊட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா?"

"ரொம்பத் தூரம்டி. டிராம்ல ஒரு மணி நேரம். அப்புறம் மேடு வேற ஏறணும்."

'எங்க ஊடு ரொம்ப உள்ளே இருக்குதுங்க, ரோடு சரியில்லீங்க' என்று சலாஹுதீன் ஒவ்வொரு மே மாதமும் போனில் சொல்வது அவள் காதில் ஒலித்தது. அவர்கள் வீடு மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

மத்தியானம் ஆற்றங்கரை ஓட்டலில் மீனும் உருளைக்கிழங்கும் வந்தன. சாதியா மீனைக் கிளறிக்கொண்டே இருந்தாள். எதிரே கீர்த்தனாவும் சலாஹுதீனும் ஊட்டி டிராஃபிக்கைப் பற்றிச் சளைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இவளுடைய முகத்தை ஒருவரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மாலையில் டூர் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்ததும், கீர்த்தனா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இந்த ஊர் பிஸ்கட்டுடி. போற வழியில சாப்பிடு."

"வர்க்கியும் வந்துருச்சா?" சாதியா உடைந்து அழுதுவிட்டாள். "ஏன்டி, நான் உனக்கு சீசன் விருந்தாளியா? பஸ் ஸ்டாண்டோட அனுப்பி வெக்கறயா? உன் ஊட்டுல ஒரு டீ குடிக்கக்கூட நான் ஆகாதவளா?"

கீர்த்தனா திகைத்துப்போய் சலாஹுதீனைப் பார்த்தாள். "இதுக்கு மேல என்னால மறைக்க முடியாதுங்ணா. சொல்லிடறேன்."

"என்ன சொல்லப் போறே?"

"டீ போட அந்த ஊட்டுல ஒரு சட்டி இல்லடி! உட்கார நாற்காலி இல்ல. சாமானெல்லாம் போன வாரமே கப்பலுக்குப் போயிருச்சு. தரையில போர்வையை விரிச்சுப் படுத்திருக்கோம். அடுத்த வாரம் நாங்க ஊட்டிக்கே வந்துடறோம். எனக்குக் குன்னூர்ல ஸ்கூல் வேலை கிடைச்சிருக்கு. எங்க ஊட்டுக்காரரு வேலையை எங்கிருந்து வேணாலும் பார்க்கலாம். மூணு வருஷமா இந்த ஊர்ல எதையும் நின்னு பார்த்ததில்ல. போறதுக்கு முன்னாடி உன்கூடப் பார்த்துடலாம்னுதான்டி இழுத்துக்கிட்டுச் சுத்தினேன்."

சாதியா தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெசமாவா? எங்கேடி தங்கப் போறீங்க? உங்க ஊட்டைத்தான் வித்துட்டாங்களே!" என்றாள்.

"உங்க மாடியிலதான். 'நீ போனதுல இருந்து இவ சரியா சிரிக்கறதே இல்லம்மா, எப்படியாவது வந்துரு'ன்னு ஸ்கூல்ல வேலை காலியிருக்கறதையும் சொல்லி, வாடகையே வேண்டாம்னு எங்களைக் கூப்பிட்டதே உன் ஊட்டுக்காரர்தான்டி!"