யாருடைய அழுக்கு?

"இந்தக் கடை ரொட்டியை வாங்காதீங்கம்மா. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி இவன் வயித்துல இருக்கு. என் வீட்டுக்காரி செத்ததே இவனாலதான்."

ரொட்டிக்கடை வாசலில் பிளம்பர் பன்னிரண்டாவது நாளாக நின்றுகொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. வருகிறவர்களிடம் ஒவ்வொருவராக, தணிந்த குரலில், வழி சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பெண் இடுப்பிலிருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டாள்.

கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கடைக்காரர் இருமினார். மெலிந்த மனிதர். இருமலை அடக்கப் பார்த்து, முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"கேட்டுச்சா?" என்றார் பிளம்பர், அடுத்து வந்தவரிடம்.

அன்று மதியம் கடையின் ஷட்டர் இறங்கியது. மறுநாள் அது ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. மனைவி போன நாற்பது நாளில் அன்றைக்குத்தான் பிளம்பர் வயிறாரச் சாப்பிட்டார்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கிருமித் தொற்றைக் கவனிக்கும் டாக்டரம்மா அவரைத் தன் அறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினார்.

"கடைக்காரரோட பொண்ணு வந்து அழுதுட்டுப் போறா. அவரை விட்டுடுங்க ஐயா. வாய்வழியா வயித்துக்குள்ள விடுற ஸ்கோப் குழாயைக் கழுவுற இடத்துல அவசரப்பட்டுட்டாங்க. ஒரு மணி நேர வேலையை இருபது நிமிஷத்துல முடிச்சிருக்காங்க. தப்பு எங்களோடது. எழுதியே கொடுத்துட்டோமே."

"கொடுத்தீங்க, இல்லேங்கல. நான் முப்பது வருஷமா குழாயோட மல்லுக்கட்டுறவன் டாக்டரம்மா. பைப் எங்க வளையுதோ அங்கதான் அடைப்பு நிக்கும். உங்க ஸ்கோப் நுனியில சின்னதா ஒரு கொக்கி இருக்காம், அதுக்குப் பின்னாடி பிரஷ் போகாதாம். சரி, நீங்க ஒழுங்காக் கழுவல. ஆனா அந்த அழுக்கு வானத்துலேருந்தா விழுந்துச்சு? ஒருத்தன் வயித்துலேருந்துதானே வந்துச்சு?"

"அந்தக் கிருமி இருக்கிறதே பல பேருக்குத் தெரியாதுங்க. அவங்களை ஒண்ணும் பண்ணாது. பேசாம உள்ளயே கிடக்கும்."

"அவனை ஒண்ணும் பண்ணல. அவளைப் பண்ணிடுச்சே."

டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை.

"போன வருஷம் நான் பித்தக்குழாய் அடைச்சு ஒரு மாசம் வேற ஆஸ்பத்திரியில கிடந்தேன். ஊசி மேல ஊசி. சாகிறதா இருந்தா அப்பவே நான்தான் செத்திருக்கணும். பக்கத்துலயே கிடந்து மீட்டுக் கொண்டுவந்தா. பிளம்பருக்கே உள்ள பைப் போட்டு அனுப்பிட்டாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பா. அவளுக்கு வந்தது என்ன, பித்தக்குழாயில ஒரு கல்லு. அதை எடுத்தா சாயந்திரமே வீட்டுக்குப் போயிடலாம்னு சொன்னீங்க."

"சொன்னோம்."

"அன்னிக்குக் காலையில எனக்கு அந்தப் பைப்பை எடுக்க, அவளுக்குக் கல்லை எடுக்கன்னு ரெண்டு பேரும் பச்சை அங்கியை மாட்டிக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி இருக்கோம்னு சிரிச்சா. எனக்குப் பசி தாங்காதேன்னு, என்னை முதல்ல அனுப்பச் சொல்லி நர்ஸம்மாகிட்டப் போய்ப் போய்ப் பேசினா. பக்கத்துல இந்த ரொட்டிக்கடைக்காரன் இருமிக்கிட்டே இருந்தான். இவன் உள்ள போனான், வெளிய வந்தான். அடுத்த ஆள் அவதான். ராத்திரியே குளிர் ஜுரம். பதினோரு நாள். கடைசியில என்னைக்கூட உள்ள விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பார்த்தேன்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கடைக்காரருக்குப் போட்டது வேற ஸ்கோப் ஐயா. அவர்கிட்ட அந்தக் கிருமியே இல்ல. ரெண்டு தடவை பரிசோதனை பண்ணிட்டோம். அந்த இருமல் மாவுத் தூசியால வந்தது."

மூடிய ஷட்டர் பிளம்பர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். தலையை உதறிக்கொண்டார்.

"அப்ப வேற ஆளு. யாருன்னு சொல்லுங்க."

"நோயாளிங்க விவரத்தை வெளிய சொல்லக்கூடாதுங்க."

"சொல்லலேன்னா நான் விட மாட்டேன். அன்னிக்கு வந்தவங்க ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நிப்பேன். பொண்டாட்டி பிள்ளையோட அவன் நிம்மதியா இருக்கக் கூடாது. சோறு இறங்கக் கூடாது அவனுக்கு."

"தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஒரு முகம் வேணும் டாக்டரம்மா. தினமும் காலையில எந்திரிச்சதும் காறித் துப்புறதுக்கு ஒரு முகம்."

மேசைமேல் அன்றைய பதிவேடு இருந்தது. டாக்டரம்மா அதைத் திறந்தார், மறுபடி மூடினார். இன்னும் எத்தனை வாசல் என்று நினைத்தாரோ என்னவோ, பிளம்பரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்குத்தான் பெட்டியிலேருந்து எடுத்த புது ஸ்கோப் அது. உங்க வீட்டம்மாவோட சேர்த்து மொத்தம் ரெண்டே பேருக்குத்தான் போட்டோம்."

"அந்த இன்னொருத்தன் யாரு?"

"நீங்க."