அழுத்தித் திருகவும்

ஐந்து நிமிடம் முடிந்தது. பாப்பாவால் புட்டியைத் திறக்க முடியவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருக்கக் கூடாது. நான் பரிசோதகன். திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியவன்.

பாலர் பள்ளியின் விளையாட்டு அறை. குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தேன். சாக்கடை அடைப்பை நீக்கும் திரவத்துக்குப் புதிதாக ஒரு மூடி செய்திருக்கிறார்கள். ‘குழந்தைகளால் திறக்க முடியாதது’ என்று அதன்மேல் அச்சடிக்க வேண்டுமானால், ஐம்பது குழந்தைகளில் நாற்பது பேராவது முயன்று தோற்க வேண்டும். அதுதான் சட்டம். பரிசோதனைப் புட்டிக்குள் வெறும் தண்ணீர்.

அடுத்தது செய்து காட்டும் கட்டம். குழந்தையின் கண்ணெதிரே ஒருமுறை நிதானமாகத் திறந்து மூட வேண்டும். பிறகு இன்னும் ஐந்து நிமிடம். பல்லால் கடிக்கவும் அனுமதி உண்டு.

மூடியை அழுத்தித் திருகினேன். இருபது வருஷ வேலை, தூக்கத்தில்கூட வரும்.

“சார், உங்க கை மறைக்குது. பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியல,” என்றார் சாட்சியாக உட்கார்ந்திருந்த ஆசிரியை.

தெரியாமல் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மறைத்தால் மோசமான மூடியும் தேறிவிடும். தேறியது கடைக்குப் போகும், கடையிலிருந்து எத்தனையோ வீடுகளுக்குப் போகும். விரல்களை விலக்கி மறுபடி காட்டினேன்.

பாப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்தினாள். நழுவியது. எழுந்து நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் திருகினாள்.

மூடி கையோடு வந்துவிட்டது.

ஆசிரியை கைதட்டினார். பாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ‘திறந்தது’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

இனி ஒன்றே ஒன்று பாக்கி. படிவத்தின் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் குழந்தையிடம் சொல்லியே ஆக வேண்டும். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தனியா இருக்கும்போது இந்த மாதிரி பாட்டிலைத் திறக்கவே கூடாது கண்ணு. உள்ள இருக்கிறது ஆபத்து.”

மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை சொல்லும்போது பாப்பா கையை உருவிக்கொண்டாள். ஆசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்தார். விதிப்படி ஒருமுறை சொன்னால் போதும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மூடியைப் பள்ளிக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. செய்து காட்டினேன். கெட்டிக்காரன், பத்தே நொடியில் திறந்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தூக்கி வைத்துக் கொஞ்சினேன். வீடுதானே, படிவம் கையில் இல்லை. கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

மறுநாள், அடுக்களைத் தொட்டிக்கு அடியில் அதே மாதிரி மூடி போட்ட புட்டியை அவன் பார்த்துவிட்டான். அதற்குள் இருந்தது தண்ணீர் இல்லை.

இப்போது அவனுக்குப் பதினோரு வயது. வெந்த தொண்டையில் குரல் திரும்பவேயில்லை. தப்பு அப்பாவுடையது என்று நான் எப்போது ஆரம்பித்தாலும் நோட்டை இழுத்து, ‘நான்தானேப்பா திறந்தேன்’ என்று எழுதிக் காட்டுகிறான்.