மூன்றாவது பெயர்

“மேல உள்ள பேரு ரெண்டும் அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. மூணாவதை மட்டும் அழிச்சிருங்க.”

ஆனந்தவள்ளி பித்தளைக் குடத்தைச் சாக்கிலிருந்து எடுத்து வைத்தாள். ஸ்டூல் இருந்தும் உட்காரவில்லை.

தென்காசி பஜாரில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நாற்பது வருஷமாகப் பெயர் வெட்டுகிறவர் கிதிர் முகம்மது. குடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடியில் சாய்த்து, கழுத்தடியில் இருந்த எழுத்தைத் தடவிப் படித்தார்.

“குருவம்மாள். இசக்கியம்மாள். முருகம்மாள்.”

“அந்த முருகம்மாள்தான். அழிச்சிட்டு அங்கன ஸ்ரீதேவின்னு வெட்டுங்க. எம் மக. புதன்கிழமை கல்யாணம்.”

“இது தாய் கொடுத்து மக வாங்குத குடம்லா தாயி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கீழ ஒரு பேரு சேர்ப்பாவ. வெட்டின பேரை அழின்னு எவளும் எங்கிட்ட சொன்னதில்ல.”

“நான் சொல்லுதேன். சீக்கிரம் அண்ணாச்சி. மக சேக்காளிகளோட அஞ்சருவிக்குக் குளிக்கப் போயிருக்கா. ரெண்டு மணிக்கெல்லாம் வந்திருவா. சாயங்காலம் சீர்ப் பாத்திரத்தை எல்லாம் பரப்பி வைக்கணும். அவ கண்ணுல இந்தப் பேரு படக்கூடாது.”

செல்போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்று பத்து. இங்கிருந்து இலத்தூருக்கு பஸ் பிடித்துப் போய், குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வேறு வைக்க வேண்டும். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்த மனுஷர் மெஷினைப் போட்டால்தானே?

“முருகம்மாள் யாரு தாயி?”

“எங்க அக்கா.”

“இருக்காவளா?”

“போய்ச் சேர்ந்து இருபத்தி நாலு வருஷம் ஆச்சு.”

“செத்தவ பேரையா அழிக்கச் சொல்லுத? அப்படி என்ன பகை ஒங்களுக்குள்ள?”

ஆனந்தவள்ளிக்குச் சுரீரென்றது. அதுவரை பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

“பகையா? இந்தக் குடத்துலதான் வாய்க்கால்ல மோந்து என் தலையில ஊத்துவா. கண்ணுல சோப்பு எரியும்னு நெத்தியில ஒரு கையை வச்சு மறைச்சுக்கிட்டுதான் ஊத்துவா. எங்க அம்மா கூட எனக்கு அப்படிச் செஞ்சதில்ல.”

“பின்ன என்ன?”

“கேக்காதீங்க. ஊரு வாய் வேண்டாம்னுதான் எங்க வீட்டுக்காரவுக பட்டாளத்துல இருந்த காலம் பூரா குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸா அலைஞ்சோம். போன மாசந்தான் ஊருக்கு வந்தோம். இந்தக் கல்யாணம் மட்டும் முடிஞ்சிருச்சுன்னா போதும்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாரலுக்குக் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துவிட்டார்.

“நான் செய்யுதது பாவந்தான். அக்காவை என் கையாலேயே அழிக்கேன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பாவம் என்னோட போகட்டும். நீங்க வெட்டுங்க.”

கிதிர் முகம்மது மெஷினைத் தொடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“ஆனந்தவள்ளிங்கது நீதானா?”

அவளுக்குத் திக்கென்றது.

“எம் பேரு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“திங்கட்கிழமை ஒரு பொண்ணு இதே குடத்தை, இதே சாக்குல கட்டிக் கொண்டாந்தா. ‘எங்க அம்மா கண்ணுல படக்கூடாது தாத்தா, பட்டா அழுவா’ன்னு சொல்லி, அடியில வெட்டச் சொன்னா.”

குடத்தை மெல்லக் கவிழ்த்தார். அடியில், அழுக்கேறிய பித்தளையில், நான்கு நாள் கூட ஆகாத எழுத்து பளிச்சென்று இருந்தது:

‘முருகம்மாள் பெத்து, ஆனந்தவள்ளி வளத்த மக ஸ்ரீதேவி.’