கடல் தெரியாத ஜன்னல்

நரிக்குடியிலிருந்து அப்பாவை முதன்முதலாக அயர்லாந்துக்கு வரவழைத்து, அட்லாண்டிக் கடலைக் காட்ட வாடகைக்கு ஒரு கேரவனும் எடுத்திருந்தாள் மாரீஸ்வரி. காலையிலிருந்து கரையோரமாகவே ஓட்டினாள். விடாத மழையில் கடல் மருந்துக்குக்கூடத் தெரியவில்லை.

பின்னால் அப்பா சின்னச்சாமி, போனை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து வைத்து அந்தப் பக்கமே பார்த்திருந்தார். கொடுத்த காப்பி அப்படியே ஆறிப்போயிருந்தது.

மத்தியானம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவரிடம் வந்தாள்.

"கோவமாப்பா? இம்புட்டுத் தூரம் கூட்டியாந்து ஒண்ணையும் காட்ட முடியல."

"காட்டலையா?" அவர் திரும்பவில்லை. "காலையில இருந்து ஒரு நிமிசம் விடலத்தா. நானும் கண்ண எடுக்கல."

அப்போதுதான் போனில் ஓடிக்கொண்டிருந்த வீடியோ காலைக் கவனித்தாள். நரிக்குடி வீட்டில் அம்மாவைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்து இந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாரி, அவுகள போன ஆட்டாம வைக்கச் சொல்லு," என்றாள் அம்மா மெதுவாக. "இங்க வெயிலு கொளுத்துது. ஆனா சத்தத்தக் கேட்டு, பக்கத்து வீட்டு ரேணுகா ஓடிப்போயி மாடியில காயப்போட்ட வத்தல அள்ளிட்டா."