பல்லில் ஒரு மூடி

ரோண்டாவுக்கு ஊசி போடத் தெரியும். மூடியை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

முதல் தேர்வில், பொம்மைக் கையின் முன்னால் நின்று, ஊசியின் மூடியைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டாள். அந்த இடத்திலேயே ஃபெயில்.

இரண்டாவது தேர்வு. அதே மூடி, அதே பல்.

இன்று மூன்றாவது. இதுவும் போனால் நர்சிங் படிப்பே போச்சு. நாற்பத்தாறு வயதில் துணிந்து சேர்ந்தவள். இன்னொரு முறை துணிவாளா என்று அவளுக்கே தெரியாது.

எங்கே பிடித்தாய் இந்தப் பழக்கத்தை என்று வகுப்பில் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

இன்று வாய்க்குக் காவலாக முகக்கவசம் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். லேசாகச் சளி என்று ஒரு பொய்.

இன்றைக்குப் பொம்மை இல்லை. ஆசிரியை ஷெல்பி தானே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த வருடத்து ஃப்ளூ தடுப்பூசி. ஷெல்பிக்கு ரோண்டாவின் மகளைவிட நாலு வயதுதான் அதிகம். மடியில் மதிப்பெண் தாள். பேனா மூடி வழக்கம்போல வாயோரத்தில்.

"நான் பயந்த நோயாளின்னு வெச்சுக்குங்க ரோண்டா. ஆறுதலா ரெண்டு வார்த்தை பேசணும். அதுக்கும் மார்க் இருக்கு."

ரோண்டா ஷெல்பியின் தோள் எலும்பின் முனையைத் தடவினாள். மூன்று விரல் கீழே. பஞ்சால் துடைத்தாள். ஈரம் காயும்வரை காத்திருந்தாள்.

மூடியைக் கழற்றினாள்.

கை தானாக வாய்க்குப் போனது. கவசத்தில் முட்டி நின்றது.

ஷெல்பியின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது.

கை இறங்கியது. மூடி தட்டில் விழுந்தது.

நேராக, ஒரே குத்து. மருந்து இறங்கியது. வெளியே வந்த ஊசி மூடியைத் தேடாமல், கழிவு ஊசிகளுக்கான சிவப்புப் பெட்டிக்குள் போனது.

அப்பாடா என்று மனசு இளகிய அந்த நொடியில், வாய் முந்திக்கொண்டது.

"ஹோ... ஹோ... அவ்ளோதாண்டி என் தங்கம். போ, ஓடு."

அதோடு விட்டதா? ஷெல்பியின் முதுகில் உள்ளங்கையால் பட் பட்டென்று இரண்டு தட்டு வேறு.

ரோண்டாவுக்குக் காது சுட்டது. எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் இப்படியா?

ஷெல்பி தாளின் மேல் குனிந்தாள். 'ஆறுதலாகப் பேசினாரா' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டாள். கீழே 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"எத்தனை மாடு?"

ரோண்டா கவசத்தை இறக்கினாள். மறைக்க இனி என்ன இருக்கிறது?

"நானூறு. கன்னுங்க தனி."

ஒரு கை கன்றின் கழுத்தில், மறு கையில் ஊசி. மாண்டானாவின் மாட்டுப் பண்ணையில் மூடிக்குப் பல்லை விட்டால் வேறு இடம் கிடையாது.

ஷெல்பி வாயிலிருந்து பேனா மூடியை எடுத்தாள்.

"எங்க வீட்ல குதிரை," என்றாள். "ஆனா என் தேர்வுக்கு நான் சளின்னு சொல்லல. உதட்டுல வெடிப்புன்னு பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வந்தேன்."